பன்னிரண்டாம் குழியின் கொடி

அந்தப் பெண் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, "எனக்கு அழுகை வரல. அதை வெச்சு என்னைத் தப்பா நினைச்சுக்காதீங்க" என்பதுதான்.

நிருபர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் வேலை பார்த்த பத்திரிகை மூடப்பட்ட பிறகும் எல்லோருக்கும் அவர் நிருபர்தான். பாதி ஆயுளை விளையாட்டுப் பக்கத்துக்கு எழுதியே கழித்துவிட்டு, இப்போது இன்ஸ்பெக்டரம்மாவின் துப்பறியும் அலுவலகத்தில் ஒத்தாசையாக இருந்தார். வழக்கு ஒன்று படியேறி வந்தால் போதும், அவருக்கு இருப்புக் கொள்ளாது. இன்ஸ்பெக்டரம்மா அதற்கு நேர் எதிர். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் பட்டம் மட்டும் ஓய்வு பெறாமல் ஒட்டிக்கொண்ட மனுஷி. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைப்பது நின்றால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

"நிதானமா சொல்லும்மா" என்றார்.

"என் வீட்டுக்காரர் கேடி. கோல்ஃப் ஆட்டக்காரருக்குப் பை தூக்குறவர். கேடின்னு சொன்னா சிரிப்பாங்க. நேத்து ஸ்டேஷன்லயும் ஒருத்தர் சிரிச்சார்." அவள் தண்ணீரைத் தொடவில்லை. "என் கொழுந்தன்தான் ஆட்டக்காரர். சர்வதேசப் போட்டி, நம்ம ஊர்ல இருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி அந்தப் பெரிய மைதானத்துல நடக்குது. ரெண்டு நாள் ஆட்டத்துல கொழுந்தன்தான் முதலிடம். நேத்துக் காலையில மூணாவது நாள் ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பன்னிரண்டாவது குழி பக்கத்துக் குளத்துல என் வீட்டுக்காரர் பிணமாக் கிடந்தார். குளத்துல கிடக்கிற பந்தை எடுக்கப் போய் வழுக்கி விழுந்துட்டார்னு போலீஸ் சொல்றாங்க. பந்து எடுக்கிற கோல் ஒண்ணு கரையில கிடந்ததாம்."

"நீங்க நம்பலை."

"தண்ணின்னா அவருக்கு உயிர் பயம். எங்க பாப்பாவோட நீச்சல் வகுப்புக்குப் போனாக்கூட சுவர் ஓரமா நிப்பார். குளத்து ஓரமா குனிஞ்சு பந்து பொறுக்கினார்னு யார் சொன்னாலும் அது அவரா இருக்க முடியாது."

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை செய்பவள். மங்கலாகத் தெரிவதைத் தெரிகிறது என்று சொல்ல வராதவள் போலிருந்தது.

"கடைசியா எப்போ பேசினீங்க?"

"வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும். குரலே சரியில்ல. 'காலையில நடுவரைப் பார்த்து ஒரு விஷயம் சொல்லணும். சொல்லிட்டு நாங்க எல்லாரும் வீட்டுக்கு வந்துடுவோம்'னார். முதலிடத்துல இருக்கிறப்போ எதுக்கு வரணும்னு கேட்டேன். வந்து சொல்றேன்னார்."

கண்ணாடி துடைப்பது நின்றது.

"நாங்க எல்லாரும்னா?"

"அவர், கொழுந்தன், மாமா, அதான் என் மாமனார். மூணு பேரும் மைதானத்துப் பக்கத்து ஹோட்டல்லதான் தங்கியிருக்காங்க. கொழுந்தனோட மானேஜரும் அங்கதான்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மாமா இன்னிக்கே காரியத்தை முடிச்சுடலாம்னு அவசரப்படறார். நாளைக்கு ஆட்டம் மறுபடி தொடங்குதாம். அண்ணனுக்காகத் தம்பி ஆடணுமாம்."

*

காரில் போகும்போது நிருபர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். இந்தப் போட்டியில் வென்றால் சின்னவனுக்கு உலகச் சுற்றில் நிரந்தர இடம் கிடைக்கும், இனி நாடு நாடாகப் போய் ஆடலாம் என்றார். அப்பாதான் பயிற்சியாளர். பெரியவனும் ஒரு காலத்தில் ஆடியவன்தான். ஒரு வீட்டிலிருந்து ஒருவனைத்தான் கரையேற்ற முடியும் என்று அப்பா சின்னவனைத் தேர்ந்தெடுத்தார்; பெரியவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இன்னொரு விஷயம், மேடம். இந்த மாதிரிப் போட்டியில ஆடறவங்களுக்குப் பந்து பெட்டி பெட்டியா இலவசமா வரும். ஒரு கேடி குளத்துல பந்து பொறுக்கினான்னு சொன்னா என் பழைய ஆசிரியர் அந்தச் செய்தியைக் கிழிச்சுப் போட்டிருப்பார்."

"அதை ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "ஒரு வேளை அது பொய்னா, பொய் சொன்னவருக்கு ஏன் அந்தப் பொய் தோணுச்சுன்னு யோசிக்கலாம்."

விசாரணை அதிகாரி அவரிடம் ஒரு காலத்தில் வேலை கற்றவர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் மருத்துவமனையிலிருந்து வந்த தகவலைச் சொன்னார். இறந்தவன் உயிரோடுதான் தண்ணீரில் விழுந்திருக்கிறான். நுரையீரலில் தண்ணீர் இருந்தது. பின்மண்டையில் காயம், கரைக் கல்லில் அடிபட்டது. கரையில் கிடந்த கோலையும் காட்டினார். வானொலிப் பெட்டி ஏரியல் போல இழுத்தால் ஆளுயரத்துக்கு மேல் நீளும். மடக்கினால் கைத்தடி அளவு. நுனியில் பந்தைக் கவ்வும் கிண்ணம். பிடியில் பழைய துணி டேப்பைத் திரும்பத் திரும்பச் சுற்றியிருந்தார்கள்.

"இதைப் பார்த்தப்போ எப்படி இருந்துச்சு?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"இப்படித்தான் மேடம், மடக்கினபடி. கரையில தண்ணி ஓரமா கிடந்தது. யாரும் தொடறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்கு."

நிருபருக்குப் பொறுக்கவில்லை. "மடக்கின கோலை வெச்சு எப்படி சார் பந்து எடுக்கிறது?"

அதிகாரி கோலை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார்.

*

பன்னிரண்டாவது குழியில் மைதான மேலாளர் காத்திருந்தாள். புல்லைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தாள். பிணத்தை முதலில் பார்த்தது அவள்தான்.

குழியைச் சுற்றியிருந்த புல்தரை, கிரீன் என்பார்கள், சலூனில் முடி வெட்டிய தலை போல ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அதன் பின்பக்கம் இடது ஓரத்தில் குளம். கரை முழுக்கக் கருங்கல். கல்லுக்கு இந்தப் பக்கம் புல்லில் சிவப்புச் சாயக் கோடு ஒன்று ஓடியது.

"தண்ணிக்கு எல்லை இதுதான். இதைத் தாண்டினா அபராதம்" என்று விளக்கினாள். "நேத்துக் காலையில நான்தான் புதுசா அடிச்சேன். இங்க பாருங்க, இந்த இடத்துல மட்டும் கோடு இழுபட்டிருக்கு. காயறதுக்குள்ள மிதிச்சிருக்காங்க. இறந்தவர் செருப்… மன்னிச்சுக்குங்க, ஷூ அடியிலயும் சிவப்பு இருந்தது."

"குழி எங்கேம்மா? கொடியைக் காணோம்."

"அடைச்சுட்டேன். தினமும் காலையில குழியை இடம் மாத்துவோம். எந்த இடம்னு முதல் நாள் சாயங்காலமே ஆட்டக்காரங்களுக்குச் சொல்லிடுவாங்க. சனிக்கிழமைக்கு முன்பக்கம், வலது மூலைன்னு சொல்லியிருந்தது. நான் வந்து பார்த்தா அங்க குழாய் கசிஞ்சு தரை சதசதன்னு இருக்கு. சரின்னு பின்பக்கம் இடது ஓரமா, அதோ குளத்துக்குப் பக்கத்துல வெட்டிக் கொடியை நட்டேன். கோட்டையும் அடிச்சேன். அடுத்த கிரீனைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தா, தண்ணியில அவர் முதுகு தெரியுது. கத்தினேன். ஆம்புலன்ஸ் ஆளுங்க ஸ்ட்ரெச்சரோட ஓடிவந்தாங்க. அவங்க கால் குழியில மாட்டிக்கக் கூடாதேன்னு கொடியைப் பிடுங்கிட்டுக் குழியை மூடினேன். அப்போ எதுக்கு அப்படித் தோணுச்சுன்னு தெரியல. ஏதாவது செய்யணும்போல இருந்துச்சு."

"இடம் மாத்தினது யாருக்குத் தெரியும்?"

"தலைமை நடுவருக்கு மட்டும் ரேடியோவுல சொன்னேன். ஆட்டம் ஆரம்பிக்கிறப்போ எல்லாருக்கும் சொல்லலாம்னு இருந்தார். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. ஆட்டத்தையே நிறுத்திட்டாங்க, அப்புறம் யார் கொடியைப் பத்திப் பேசறது? போலீஸ் வந்தப்போ இங்க கொடியும் இல்ல, குழியும் இல்ல."

இன்ஸ்பெக்டரம்மா கோட்டருகே போய், குளத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். பிறகு குளத்தைப் பார்த்துத் திரும்பிக் குனிந்தார். நிருபர் பதறிப்போய்ப் பின்னால் ஓடி நின்றுகொண்டார்.

"விழ மாட்டேன், பயப்படாதீங்க. குனிஞ்சு பந்து எடுக்கிறவன் விழுந்தா எங்க அடிபடும்?"

"நெத்தியில… முகத்துல."

"இவருக்குப் பின்மண்டையில. தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னவர். யாரையோ பார்த்துப் பேசிக்கிட்டு."

*

மானேஜர் கிளப்பின் சிற்றுண்டி அறையில் இருந்தார். இரண்டு போன்கள், இரண்டும் ஒலித்துக்கொண்டிருந்தன. இரண்டையும் அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அவருக்கும் ஆகாதுங்கிறது ஊருக்கே தெரியும் மேடம். வெளிநாட்டு அனுபவம் உள்ள கேடியை வைக்கணும்னு நான் கரடியாக் கத்தினேன். சின்னவன் கேட்கல. அதுக்காகக் கொலை பண்ணுவாங்களா? நேத்துக் காலையில நான் பயிற்சி மைதானத்துல சின்னவன் கூடத்தான் இருந்தேன்."

"முழு நேரமும்?"

அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். "நடுவுல ஒரு போன் பேச வண்டி நிறுத்தற பக்கம் போனேன். திரும்பி வந்துட்டேன்." பிறகு தானாகவே சொன்னார்: "எனக்கு இன்னும் விளங்காதது ஒண்ணுதான். கேடிங்க காலையில கொடி இருக்கிற இடத்தைப் பார்க்க மைதானத்தைச் சுத்துவாங்க, அது சரி. ஆனா பன்னிரண்டுல கொடி முன்பக்கம் வலது மூலை. குளம் அந்தப் பக்கம். அங்க அவருக்கு என்ன வேலை?"

வெளியே வந்ததும் நிருபர் காதோடு காதாகச் சொன்னார். "போன் பேசப் போனாராம். ஆள் சரியில்ல மேடம்."

"அடுத்தவரைப் பார்ப்போம்."

சின்னவன் ஹோட்டல் அறையில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். மூலையில் பெரிய பை சாய்த்து வைத்திருந்தது. தூக்க ஆள் இல்லாத பை. இருபத்துச் சொச்சம் வயதுதான்; ஒரே நாளில் கண் உள்ளே போயிருந்தது. விடிந்ததிலிருந்து பயிற்சி மைதானத்தில் பந்து அடித்துக்கொண்டிருந்தேன், பார்த்தவர்கள் நிறையப் பேர், அண்ணன் வருவான் என்று காத்திருந்தேன் என்றான்.

"பன்னிரண்டுல கொடி எங்கே இருந்துச்சுன்னு தெரியுமா தம்பி?"

"முன்னாடி, வலது பக்கம். எல்லாருக்கும் சொன்னதுதானே."

"அந்தப் பந்து எடுக்கிற கோல் யாரோடது?"

அவன் பையைப் பார்த்தான். "என் பையில அந்த மாதிரி எதுவும் கிடையாது."

"யாரோடதுன்னு கேட்டேன்."

"என்னோடது இல்ல" என்றான்.

"வெள்ளிக்கிழமை ஆட்டத்துல என்ன நடந்துச்சு?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நல்லா ஆடினேன்" என்று மட்டும் சொன்னான்.

அப்பா கிளப் தோட்டத்துப் பெஞ்சில் இருந்தார். மில் வேலையும் பார்த்துக்கொண்டு இரண்டு பையன்களையும் கோல்ஃப் பழக்கியவர் என்று நிருபர் ஒரு தடவை அவரைப் பற்றி எழுதியிருந்தார். நேற்று நடந்ததை அவர், வெறும் பேட்டிக்கு வந்தவர்களிடம் சொல்வதுபோல் மனப்பாடமாகச் சொன்னார். புத்தம் புது ஷூ போட்டிருந்தார். குதிகாலைக் கடித்ததோ என்னவோ, பின்பக்கத்தை மிதித்து மடக்கிவிட்டிருந்தார். வயசான கால் வீங்கியிருக்கும், பாவம் என்று நிருபர் நினைத்துக்கொண்டார்.

"தலைவலின்னு அறையிலயே படுத்துட்டேன். மானேஜர் போன் பண்ணித்தான் தெரியும். அடிச்சுப் பிடிச்சு ஓடிவந்தேன், வாசலுக்கு மேல விடல. பெரியவனை ஆஸ்பத்திரியிலதான் பார்த்தேன்."

"பந்து எடுக்கத் தண்ணிக்கிட்ட போயிருப்பார்னு நம்பறீங்களா? அவருக்குத் தண்ணி பயம்னு மருமக சொல்றாங்க."

"பயம்தான். ஆனா பந்து தண்ணியில கிடந்தா விட மாட்டான். சின்ன வயசுப் பழக்கம்." அவர் குரல் உயர்ந்தது. "இவங்களைச் சொல்லணும். கொடியைக் கொண்டுபோய்த் தண்ணி ஓரத்துல நட்டா, அதைப் பார்க்கப் போறவனுக்குக் கால் வழுக்காம என்ன செய்யும்? புகார் கொடுக்கப் போறேன். நீங்களும் அதை எழுதிக்குங்க."

"எழுதிக்கறேன்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "நாளைக்குச் சின்னவர் ஆடறாரா?"

"ஆடித்தான் ஆகணும்."

திரும்பி நடக்கையில் நிருபர் மானேஜர் புராணத்தை மறுபடி ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டரம்மா அவரை இடைமறித்தார்.

"நிருபரே, மூணு பேரும் கொடியைப் பத்திப் பேசினாங்க. கவனிச்சீங்களா?"

"மானேஜர் தப்பா சொன்னார். தம்பியும் தப்பா சொன்னான். இடம் மாறினது பாவம் அவங்களுக்குத் தெரியாது."

"ஆமா" என்றார். விசாரணை அதிகாரிக்குப் போன் போட்டார். ஹோட்டலில் எதைத் தேட வேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நிருபர் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

*

மாலையில், ஆட்டக்காரர்கள் ஆட்டம் முடிந்ததும் தங்கள் அடிக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் சின்ன அறையில் எல்லோரையும் கூட்டினார்கள். ஒரு மேசை, சில நாற்காலிகள். மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சின்னவன் அவள் பக்கம் பார்க்காமல் சுவரோரம் நின்றான். மானேஜர், மைதான மேலாளர், அப்பா. கதவருகே விசாரணை அதிகாரி.

இன்ஸ்பெக்டரம்மா உட்கார்ந்தபடியே பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"இவர் பந்து எடுக்கப் போகல. கோல் மடக்கியே இருந்துச்சு. காயம் பின்மண்டையில. தண்ணிக்கு முதுகைக் காட்டி யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்தப்போ தள்ளப்பட்டு விழுந்தார். கோலைப் பக்கத்துல போட்டுட்டுப் போனவங்க, பந்து பொறுக்க வந்தவன் விழுந்துட்டான்னு நாம நினைக்கணும்னு விரும்பினாங்க. இந்தச் சுற்றுல இருக்கிற யாருக்கும் அப்படி ஒரு கதை தோணாதுன்னு நிருபர் சொன்னார். பந்து இங்க பெட்டி பெட்டியா வருது. அந்தக் கதை தோணணும்னா, பந்துக்குப் பஞ்சம் பார்த்த ஆளா இருக்கணும். குளத்துல பந்து பொறுக்கித்தான் பிள்ளைங்களைப் பழக்கியிருக்கணும்."

மானேஜர் மெல்லத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார்.

"அது வெறும் ஊகம்" என்றார் அப்பா.

"ஊகம்தான். ஆனா கொடி ஊகம் இல்ல. சனிக்கிழமை கொடி முன்பக்கம் வலது மூலையிலன்னுதான் எல்லாருக்கும் சொல்லியிருந்தது. உங்க மகனும் மானேஜரும் இன்னிக்குவரை அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்காங்க. காலையில இந்தம்மா அதைத் தண்ணி ஓரமா மாத்தி நட்டதும், கொஞ்ச நேரத்துல பிடுங்கினதும் வெளிய யாருக்கும் தெரியாது. போலீஸுக்கே தெரியாது. அந்த இடைவேளையில அங்க நின்னவங்களுக்குத்தான் தெரியும். தலைவலியோட அறையில படுத்திருந்த நீங்க, தண்ணி ஓரத்துல கொடியை நட்டாங்கன்னு என்கிட்ட சண்டை போட்டீங்க."

அப்பா நாற்காலியில் நெளிந்தார். "யாரோ சொன்னாங்க" என்றார்.

"யாரு?"

அப்பா கதவுப் பக்கம் பார்த்தார்.

விசாரணை அதிகாரி ஒரு உறையை மேசைமேல் வைத்தார். பழைய ஷூ ஜோடி. "ஹோட்டல் துணி துவைக்கிற இடத்துல, அழுக்குத் துணி மூட்டைக்குள்ள சுருட்டி வெச்சிருந்தது. அடியில சிவப்புச் சாயம். புது ஷூ இந்தக் கிளப் கடையிலயே நேத்து வாங்கியிருக்கீங்க. விற்றவருக்கு உங்களை ஞாபகம் இருக்கு. மகன் செத்த அன்னிக்கு ஷூ வாங்க வந்தாரேன்னு."

மருமகள் ஷூவைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

"ஏன்னு நான் சொல்றதைவிடச் சின்னவர் சொல்றதுதான் நல்லது" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

சின்னவன் சுவரிலேயே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "வெள்ளிக்கிழமை… கடைசிக் குழியில, உயரமான புல்லுக்குள்ள என் கால் பட்டுப் பந்து நகர்ந்துடுச்சு. அதுக்கு அபராதம் உண்டு. யாரும் பார்க்கலைன்னு நினைச்சு அப்படியே அடிச்சேன். இதே மேசையில உட்கார்ந்து, சரியான கணக்குன்னு கையெழுத்துப் போட்டேன். அண்ணன் பார்த்துட்டான். 'நீயே போய்ச் சொல்லிடுடா, இல்லேன்னா காலையில நான் சொல்லிடுவேன்'னான். சொன்னா, தப்புக் கணக்குல கையெழுத்துப் போட்டதுக்குப் போட்டியில இருந்தே தூக்கிடுவாங்க. நான் அப்பாகிட்ட ஓடினேன். அவர், 'நீ தூங்கு, நான் பார்த்துக்கறேன்'னார்."

"அந்தக் கோல்?"

"அப்பாவோடது. நாங்க சின்னப் பசங்களா இருந்ததுல இருந்து அவர் கையில இருக்கும். இப்போ நடக்கிறதுக்கு ஊன்றுகோலா வெச்சிருந்தார். நேத்துப் போலீஸ் காட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு அண்ணி. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பேசியபோது குரல் கிழிந்த துணி போலிருந்தது.

"கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருடான்னு கெஞ்சினேன். 'எனக்குக் கிடைக்காததை இவனுக்குத் திருடிக் கொடுக்கப் பார்க்கறீங்களா'ன்னான். தள்ளினது நிஜம். விழுவான்னு நினைக்கல. கல்லுல தலை பட்டுச்சு. எனக்கு நீந்தத் தெரியாது. கை கால் ஓடல. கையில என்ன இருக்குன்னுகூட ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இருந்துச்சு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. இத்தனை நேரம் இல்லாத கடுமை அந்தக் குரலில் இருந்தது. "ஞாபகம் இல்லாதவர் அதை ஊன்றிக்கிட்டே திரும்பிப் போயிருப்பார். நீங்க அதைப் பார்த்து எங்க போடறதுன்னு இடம் தேடி வெச்சுட்டு வந்திருக்கீங்க. நீட்டினா ஆளுயரத்துக்கு மேல வரும். உங்க மகன் கரையில இருந்து கோல் எட்டற தூரத்துலதான் மிதந்தார்."

நிருபர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மருமகள் எழுந்து மாமனார் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, அவர் கூப்பிட்டாரா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றா, கேட்காதே என்றா, தெரியவில்லை.

"கூப்பிட்டாரான்னு கேட்டேன்."

"அப்பான்னான்" என்றார் அவர். "ரெண்டு தடவை."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நின்றபடியே, சத்தமில்லாமல், வெகுநேரம் அழுதாள். யாரும் அவளைத் தொடவில்லை. விசாரணை அதிகாரி அப்பாவின் தோளில் கை வைத்தபோது அவர் எதிர்ப்பு இல்லாமல் எழுந்தார். மடக்கி மிதித்த ஷூ பின்னால் இழுபட, கதவைத் தாண்டிப் போனார்.

சின்னவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுவர் அறைப் பக்கம் நடந்தான். மானேஜர் இரண்டடி பின்னால் போய், என்ன நினைத்தாரோ, நின்றுவிட்டார்.

*

வண்டி நிறுத்துமிடத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மருத்துவமனைக்கு அவளைக் கொண்டுபோய் விடுவதாக நிருபர் சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டரம்மா முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.

அவள் பின்கதவைத் திறந்தபோது சின்னவன் ஓட்டமும் நடையுமாக வந்தான். கிட்டே வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"சொல்லிட்டேன் அண்ணி. போட்டியில இருந்து நீக்கிட்டாங்க. இனி ஆட விடுவாங்களான்னு தெரியாது."

அவள் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"நானும் வரட்டுமா? அண்ணனை… கூட்டிட்டு வர."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ நடுவர்கிட்ட நடந்திருக்கலாம்" என்றாள் அவள். "இதே தூரம்தான்."

அவன் தலை கவிழ்ந்தது. நிருபர் சாவியைத் திருப்பாமல் காத்திருந்தார். இன்ஸ்பெக்டரம்மாவும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாப்பா நாளைக்கு அப்பா எங்கன்னு கேட்பா" என்றாள் அவள். "அதுக்கு நான் பதில் சொல்லிக்குவேன். அப்புறம் தாத்தா எங்கன்னு கேட்பா. அதுக்கு என்னால முடியாது. அதை நீதான் சொல்லணும். சொல்வியா?"

"சொல்றேன் அண்ணி."

"பொய் சொல்லக் கூடாது."

"மாட்டேன்."

அவள் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் ஏறிக் கதவைச் சாத்தினான். நிருபர் வண்டியைக் கிளப்பினார்.